பிணவறையில் ஒரு நோயைக் கண்டவர்

டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் வாழ்க்கை

லண்டன் மாநகரில் கைஸ் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கிறது. தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி 1721-ம் ஆண்டு ஏழைகளுக்காகத் தொடங்கியது. புத்தகம் விற்று ஆஸ்பத்திரி கட்ட முடியுமா என்று வியக்க வேண்டாம். அவர் பங்கு வியாபாரத்திலும் பெரும் பணம் சம்பாதித்தவர்.

அந்த ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு, ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், ஓர் இளம் டாக்டர் நாள்தோறும் வந்துபோவார். சாதாரணக் கறுப்பு உடை. மெலிந்த உருவம். மற்ற டாக்டர்கள் வார்டுகளில் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்தார்கள். இவர் இறந்தவர்களைப் பார்த்தார். அதற்குத்தான் அவருக்கு உத்தியோகம். பதவியின் பெயரே இறந்தோரின் இன்ஸ்பெக்டர் என்பது!

அவர்தான் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின். இன்று உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருடைய பெயர் காதில் விழும். ஒரு நோய்க்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எல்லாரையும் நீ என்பவர்கள்

1798-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, லண்டனைச் சேர்ந்த பெண்டன்வில் என்ற இடத்தில் ஹாட்ஜ்கின் பிறந்தார். தகப்பனார் ஆசிரியர். வீட்டுக்குப் போய் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். தம் சொந்தப் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே அவர்தான் வாத்தியார்.

அவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்களின் வழக்கம் விசித்திரமானது. ஆடம்பரம் ஆகாது. சண்டை ஆகாது. அடிமை வியாபாரத்தை ஊரே ஒப்புக்கொண்ட காலத்தில் அதை எதிர்த்தவர்கள் அவர்கள். ராஜாவே எதிரில் வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். பெரியவர், சிறியவர், பிரபு, வேலைக்காரர் எல்லாரையும் ஒரே மாதிரி ஒருமையில்தான் அழைப்பார்கள். நம் ஊரில் கலெக்டரைப் பார்த்து நீ என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்! அப்படி வளர்ந்த பிள்ளைதான் ஹாட்ஜ்கின். கடைசிவரை அவர் மாறவில்லை. அதனால் அவர் பட்ட நஷ்டம் கொஞ்சம் அல்ல.

அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளில் இங்கிலாந்தின் அரசாங்க மதத்தை ஏற்காதவர்கள் பட்டம் வாங்க முடியாது. ஆகவே ஹாட்ஜ்கின் ஸ்காட்லாந்துக்குப் போனார். எடின்பரோவில் படித்து 1823-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மரக்குழாய்

படிப்பின் நடுவே 1821-ல் பாரிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே லென்னக் என்ற புகழ்பெற்ற டாக்டர் இருந்தார். நோயாளியின் மார்பில் ஒரு மரக்குழாயை வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே நுரையீரல் எப்படி இருக்கிறது, இருதயம் எப்படி அடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் முதல் அவதாரம்.

ஹாட்ஜ்கின் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு லண்டனுக்குத் திரும்பினார். கைஸ் ஆஸ்பத்திரியில் குழாயின் உபயோகத்தை எடுத்துச் சொன்னார். அதற்கு அங்கே பெரிய வரவேற்பு இல்லை. வயதான டாக்டர்கள் புதிதாக எதையும் காதில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

1825-ல் கைஸ் ஆஸ்பத்திரி தனக்கென்று ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளிக்கு ஒரு மியூசியம் வேண்டும். ஹாட்ஜ்கினிடம் அந்தப் பொறுப்பு வந்தது. நோய் தாக்கிய இருதயம், ஈரல், எலும்பு ஆகியவற்றைப் பதப்படுத்திக் கண்ணாடி ஜாடிகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத வேண்டும். 1829-ல் அதற்குப் பட்டியலே அச்சிட்டார்.

இறந்தவரைத் திறந்து பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. உயிரோடு இருந்தபோது அவருக்கு என்ன தொல்லை இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று வார்டுக் குறிப்பைத் தேடிப் படிப்பார். வெளியே தெரிந்த அடையாளத்தையும் உள்ளே கண்ட சேதத்தையும் பொருத்திப் பார்ப்பார். இன்று இது சாதாரணம். அன்று இது புதிது.

நெறி கட்டுதல்

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டை புண்ணானால் தாடைக்குக் கீழே கட்டும். இது எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்த விஷயம். நெறி கட்டுவது என்றால் என்ன? நம் உடம்பில் ரத்தத்தோடு நிணநீர் என்று ஒரு தெளிந்த நீரும் ஓடுகிறது. அது ஓடும் வழியில் அவரை விதை அளவில் சிறு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. கிருமி வந்தால் தடுத்துப் பிடிக்கும் சாவடிகள் அவை. சாவடியில் சண்டை நடந்தால் சுரப்பி வீங்கும். புண் ஆறியதும் வீக்கமும் வடியும்.

ஹாட்ஜ்கின் பார்த்த வீக்கம் வேறு மாதிரி.

1826-ல் ஒரு சிறுவனின் உடல் அவரிடம் வந்தது. வயது சுமார் 9. பிறகு 10 வயதுச் சிறுவன் ஒருவன். பெரியவர்களும் வந்தார்கள். புண் இல்லை. ஆனாலும் நிணநீர்ச் சுரப்பிகள் வீங்கியிருந்தன. பெரிய ரத்தக்குழாய்கள் போகும் வழியெல்லாம், கொடியில் காய் பிடித்ததுபோல் கட்டிகள் வரிசையாக இருந்தன. மண்ணீரலிலும் கோளாறு தெரிந்தது.

அந்தக் காலத்தில் கழுத்தில் கட்டி என்றால் கண்டமாலை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது க்ஷயரோகத்தின் ஒரு வகை. ஹாட்ஜ்கின் அப்படி முடிக்கவில்லை. வேறு எங்கிருந்தோ பரவி வந்த வீக்கம் அல்ல இது, சுரப்பியிலேயே பிறந்து வளரும் தனி நோய் என்று முடிவு கட்டினார்.

ராபர்ட் கார்ஸ்வெல் என்ற நண்பர் பாரிஸில் பார்த்த இதேபோன்ற ஒரு நோயாளியின் உறுப்புகளை வர்ணச் சித்திரமாகத் தீட்டியிருந்தார். அதையும் சேர்த்து 7 பேரின் விவரங்களை ஹாட்ஜ்கின் எழுதினார். 1832 ஜனவரியில் லண்டன் வைத்தியச் சங்கம் ஒன்றில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. ஹாட்ஜ்கின் அந்தச் சங்கத்தில் அங்கத்தினர் அல்ல. ஆகவே செயலாளர் ராபர்ட் லீ எழுந்து படித்தார். கேட்டவர்கள் கேட்டார்கள். கலைந்து போனார்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற நண்பரோடு சேர்ந்து, பூதக்கண்ணாடியில் ரத்த அணுக்களைப் பார்த்து, 1827-லேயே கட்டுரை வெளியிட்டவர் ஹாட்ஜ்கின். ஆனால் இந்த 7 பேரின் நோயை அவர் வெறும் கண்ணால்தான் பார்த்துச் சொன்னார்.

நெஞ்சுக்குள் ஒரு வாய்க்கால்

இந்த நோயும் இதன் உறவு நோய்களும் இன்று லிம்போமா என்று அழைக்கப்படுகின்றன. நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று அர்த்தம். கழுத்தில் வந்தால் கைக்குத் தென்படும். நெஞ்சுக்குள் வந்தால்? அங்கேதான் ஆபத்து.

தலை, கழுத்து, இரண்டு கைகள் ஆகியவற்றில் சுற்றிவிட்டு வரும் ரத்தம் எல்லாம் ஒரே குழாய் வழியாக இருதயத்தில் இறங்குகிறது. அதன் பெயர் மேற்பெருஞ்சிரை. நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருதயத்திலிருந்து புறப்படும் குழாய்க்குக் கனத்த சுவர் உண்டு. இதற்கு மெல்லிய சுவர். உள்ளே ரத்தத்தின் வேகமும் குறைவு. பக்கத்தில் நெஞ்செலும்பு, மூச்சுக்குழாய், சுற்றிலும் நிணநீர்ச் சுரப்பிகள். நகர்ந்துகொள்ள இடமே இல்லை. சுரப்பிகள் வீங்கினால் முதலில் நசுங்குவது இந்தக் குழாய்தான்.

வாய்க்காலில் மடை அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும்? மேலே தேங்கும். கரை வழிந்து பக்கத்து வழிகளைத் தேடும். ரத்தமும் அப்படித்தான். முகம் வீங்குகிறது. காலையில் எழுந்ததும் கண் இமை உப்பியிருக்கும். சட்டைக் கழுத்து இறுக்கும். கழுத்து நரம்புகள் புடைக்கும். மார்பின் தோலில் நீல நரம்புகள் வலைபோல் ஓடும். அவைதான் ரத்தம் தேடிக்கொண்ட பக்கத்து வழிகள். குனிந்தால் தலை கனக்கும். படுத்தால் மூச்சுத் திணறும்.

இந்த அடைப்பை முதன்முதலில் விவரித்தவர் வில்லியம் ஹன்டர். அவரும் லண்டன் டாக்டர்தான். 1757-ல் எழுதினார். ஆனால் அவர் பார்த்த நோயாளிக்குக் குழாயை நசுக்கியது சுரப்பி அல்ல. பக்கத்தில் இருந்த மகாதமனி பலூன்போல் உப்பி நசுக்கிவிட்டது. சுரப்பியே நோயாகி வளரும் என்ற செய்தி வர, ஹாட்ஜ்கின் பிறக்க வேண்டியிருந்தது.

முகம் வீங்கினால் எல்லாம் இதுதான் என்று யாரும் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறிலும் முகம் வீங்கும். அதைக் கண்டு சொன்ன ரிச்சர்ட் பிரைட், அதே கைஸ் ஆஸ்பத்திரியில் ஹாட்ஜ்கினோடு வேலை பார்த்தவர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே காலம்! மேற்பெருஞ்சிரை அடைபடுவதற்கும் லிம்போமா மட்டும் காரணம் அல்ல. நுரையீரல் புற்றுநோயால்தான் அதிகம் அடைபடுகிறது. ஆனால் முக வீக்கத்தோடு கழுத்து நரம்பும் புடைத்து, மூச்சும் வாங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

பறிபோன பதவி

பிணவறையில் வேலை பார்த்த ஹாட்ஜ்கினுக்கு உயிரோடு இருப்பவர்கள்மேல் அக்கறை அதிகம். லண்டனில் நெசவாளர்கள் நெருங்கி வாழும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய், தொழிலாளர்களுக்குச் சுகாதாரப் பிரசங்கம் செய்தார். குளிப்பது, காற்றோட்டம், குடியின் கேடு, புகையிலையின் கேடு என்று எளிய விஷயங்கள். அதைப் புத்தகமாகவும் போட்டார்.

கடலுக்கு அப்பாலும் அவர் பார்வை போயிற்று. வட அமெரிக்காவில் ஹட்சன்ஸ் பே கம்பெனி என்று ஓர் ஆங்கிலக் கம்பெனி வியாபாரம் செய்தது. அந்த நாட்டுப் பூர்வகுடிகளிடம் மிருகத் தோல்களை வாங்கும். கொடுத்த பண்டங்களில் சாராயமும் ஒன்று. குடியாலும் நோயாலும் அந்த ஜனங்கள் அழிந்துகொண்டிருந்தார்கள். ஹாட்ஜ்கின் இதைக் கண்டித்தார். நேராக ஒருவருக்குக் கடிதமே எழுதினார்.

யாருக்கு எழுதினார் என்பதுதான் விஷயம். பெஞ்சமின் ஹாரிசன். அந்தக் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவர். அதே ஹாரிசன்தான் கைஸ் ஆஸ்பத்திரியின் பொக்கிஷதாரும். ஆஸ்பத்திரியில் அவர் வைத்ததே சட்டம். ஹாட்ஜ்கினுக்குச் சம்பளம் கொடுத்த கையும் அதுதான்!

1837-ல் உதவி டாக்டர் பதவி ஒன்று காலியாயிற்று. 10 வருஷத்துக்கு மேல் உழைத்த ஹாட்ஜ்கினுக்குத்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஹாரிசன் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். கடிதம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஹாட்ஜ்கினின் சீர்திருத்தக் கருத்துகள் பலவும் ஹாரிசனுக்குப் பிடிக்காது. எப்படியானாலும் கதவு மூடிவிட்டது. ஹாட்ஜ்கின் ராஜிநாமா செய்தார். மியூசியத்தையும், தம் கையால் நிரப்பிய ஜாடிகளையும் விட்டுவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது சுமார் 39.

கொஞ்சம் பணிந்திருந்தால் பெரிய டாக்டராக, பெரிய பணக்காரராக ஆகியிருப்பார். அவரோ அதே வருஷம் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். தம் வாழ்நாளின் மிச்ச காலத்தை அதற்கே கொடுத்தார்.

பத்துப் பவுன்

சொந்த வாழ்விலும் அவருக்கு அடி விழுந்தது. நெருங்கிய உறவுப் பெண் ஒருத்தியை மனதார விரும்பினார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது குவேக்கர் சபையின் விதி. விதியை மாற்ற வாதாடினார். நடக்கவில்லை. பெண் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். 1850-ல், 51-வது வயதில், பிள்ளைகளோடு இருந்த விதவை ஒருவரை ஹாட்ஜ்கின் மணந்துகொண்டார். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை.

வைத்தியத் தொழிலில் பணம் சேர்க்கவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு கதை சொல்வார்கள். பணக்காரர் ஒருவர் வீட்டில் ராத்திரி முழுவதும் கண் விழித்து வைத்தியம் பார்த்தாராம். விடிந்ததும் பணக்காரர், தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். ஹாட்ஜ்கின் எழுதிக்கொண்டது 10 பவுன். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, உங்களைப் பார்த்தால் அதிகம் கொடுக்க முடிந்தவராகத் தெரியவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னாராம். அந்தப் பணக்காரர் மறுபடி அவரைக் கூப்பிடவே இல்லை! கதை நிஜமோ என்னவோ, ஆளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

இந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்த பெரிய சிநேகிதர் மோசஸ் மான்டிஃபியோர். யூதப் பிரமுகர், செல்வந்தர், தர்மவான். உலகத்தில் எங்கே யூதர்களுக்குக் கஷ்டம் என்றாலும் புறப்பட்டுப் போவார். ஹாட்ஜ்கின் அவரோடு டாக்டராகப் பிரயாணம் செய்வார். மதம் வேறு. நட்பு 40 ஆண்டு நீடித்தது.

ஜாஃபாவில் முடிவு

கைஸ் ஆஸ்பத்திரியில் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர் வந்து சேர்ந்திருந்தார். சுரப்பி வீங்கும் நோய் ஒன்றைப் புதிதாகக் கண்டுவிட்டதாக அவர் எண்ணினார். பிறகுதான், தமக்கு முன்னால் ஹாட்ஜ்கின் அதை எழுதிவிட்டார் என்று தெரியவந்தது. இன்னொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். வில்க்ஸ் 1865-ல் தம் கட்டுரையின் தலைப்பிலேயே அதை ஹாட்ஜ்கின் நோய் என்று அச்சிட்டார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு பெயர் வந்தது.

மறு வருஷம் மான்டிஃபியோருடன் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார் ஹாட்ஜ்கின். ஜாஃபா துறைமுகத்தில் அவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு கண்டது. 81 வயதான மான்டிஃபியோர் காரியமாக ஜெருசலேமுக்குப் போயாக வேண்டியிருந்தது. நண்பரை விட்டுப் பிரிந்து போனார். 1866 ஏப்ரல் 4-ந் தேதி ஹாட்ஜ்கின் காலமானார். வயது 67. அங்கேயே அடக்கம் செய்தார்கள். மான்டிஃபியோர் சமாதிமேல் ஒரு கல்தூண் நிறுத்தினார்.

கட்டி கரைந்தது

ஹாட்ஜ்கின் நோயை அடையாளம் காட்டினார். மருந்து அவருக்குத் தெரியாது. அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. நெஞ்சுக்குள் சிரை நசுங்கி முகம் வீங்கியவரை உட்கார வைத்து, மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழி இல்லை.

1898-ல் கார்ல் ஸ்டெர்ன்பர்க், 1902-ல் டாரத்தி ரீட் என்ற பெண் டாக்டர், இருவரும் இந்த நோய்க்கே உரிய விசித்திரமான பெரிய உயிரணுவைப் பூதக்கண்ணாடியில் விவரித்தார்கள். 1926-ல் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்பவர் ஹாட்ஜ்கினின் பழைய ஜாடிகளைத் திறந்து, அதில் இருந்த சதையைச் சீவிப் பார்த்தார். ஏறக்குறைய 100 வருஷம் ஊறிக் கிடந்த சதை! அவற்றில் சிலவற்றில் அந்த நோய் இருந்தது. வெறும் கண் பொய் சொல்லவில்லை.

1942-ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஒரு நோயாளி சேர்ந்தார். லிம்போமா நோயாளி. கழுத்திலும் நெஞ்சிலும் பெரிய கட்டிகள். சிரைகள் புடைத்து, முகமும் மேல் மார்பும் வீங்கி, நீலம் பாரித்துவிட்டது. விழுங்க முடியவில்லை. எக்ஸ்ரே சிகிச்சை பலிக்கவில்லை. அப்போது யுத்த காலம். விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தை டாக்டர்கள் ரகசியமாக அவருக்கு ஊசி வழியே ஏற்றினார்கள். சில நாட்களில் கட்டி இளகியது. வீக்கம் வடிந்தது. சாப்பிட முடிந்தது. பிறகு நோய் திரும்பி வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். ஆனால் மருந்தால் கட்டியைக் கரைக்கலாம் என்று அவர் உடம்பிலே தெரிந்துவிட்டது.

பிறகு காரியம் வேகமாக நடந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் எக்ஸ்ரே கதிரால் இந்த நோய் குணமாகும் என்று 1950-ல் கனடாவில் வீரா பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் காட்டினார். 1960-களில் அமெரிக்காவில் நாலு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முற்றிய நோயையும் குணப்படுத்தினார்கள்.

இன்று மேற்பெருஞ்சிரை அடைபட்டு ஒருவர் வந்தால், டாக்டர்கள் முதலில் தலையை உயர்த்திப் படுக்க வைக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனை செய்கிறார்கள். எந்த வகை நோய் என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். மூச்சு மிகவும் முட்டினால் சிரைக்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து வழி திறக்கிறார்கள். லிம்போமாவாக இருந்தால் மருந்து ஏற்றிய சில நாட்களிலேயே பெரும்பாலும் வீக்கம் வடியத் தொடங்கும். ஹாட்ஜ்கின் பெயர் தாங்கிய வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அவர்களில் இளம் வயதினர் ஏராளம்.

ஹாட்ஜ்கின் சேர்த்த ஜாடிகளில் சில இன்னும் கைஸ் ஆஸ்பத்திரி வளாகத்தில், கார்டன் மியூசியம் என்ற கட்டடத்தில் இருக்கின்றன. வைத்திய மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் படிக்கிறார்கள்.